ராஜாவுக்குக் கொடுத்த டோக்கன்

எங்கள் தொழிலில் முதலில் முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை. சிதம்பரம் கோயிலுக்குக் கீழ சன்னதி வழியாகப் போகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் போகிற கடை எங்களுடையது. நாங்கள் தரையோடு தரையாகப் போட்ட பலகையில் உட்கார்ந்திருப்போம்; வருகிறவர்கள் நின்றுகொண்டு கழற்றுவார்கள். கண்ணுக்கு நேராக வருவது கால்தான். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் தூக்க வேண்டும். ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் யார் கழுத்தைத் தூக்குவது? பித்தவெடிப்பு, மெட்டி அழுத்திய தடம், வயல் சேறு காயாத கால், அண்ணாமலை நகர் ஆஸ்டல் பையன்களின் வெயில் படாத கால் என்று காலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வோம்.

அதனால்தான், ஒரு தேசத்து ராஜா எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்ற நாளில்கூட நான் பார்த்தது அவர் காலைத்தான். எந்த தேசம், எந்த ராஜா என்று கேட்பீர்கள். அவர் காலில் இருந்ததையெல்லாம் எழுதப் போகிறேன். பெரிய இடத்து மனிதர், பெயர் வேண்டாம். கடல் தாண்டி ஒரு சின்ன தேசம், அவ்வளவு போதும்.

நான் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கம். எட்டாவது வரைக்கும் படித்தேன். அப்பா வீட்டிலும் பயிர்த்தொழில், கட்டிக்கொடுத்த வீட்டிலும் பயிர்த்தொழில்தான். அவர்கள் நிலம் பங்காளிகளுக்குள் பிரிந்து பிரிந்து கடைசியில் வரப்பு மட்டும் மிச்சம் என்று ஆனபோது, என் வீட்டுக்காரர் சிதம்பரத்துக்கு வந்து இந்தக் கடையில் உட்கார்ந்தார். இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறொருவர். அவர் எங்களை உள்ளே வைத்திருந்தார். வரும்படியில் அவருக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. என் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. திட்டக்குடிப் பக்கம் சொந்தக் கொல்லை, மாடு, கன்று என்று இருந்தவர். சிதம்பரம் வந்தால் எங்கள் கடைக்குள் காலடி வைக்க மாட்டார். எதிர்த்த காபி கிளப்பில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"இன்னா மச்சான், யாவாரமெல்லாம் எப்புடி? கால் நெறைய கூட்டமா?"

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "வாங்க மச்சான், உங்க செருப்பையும் குடுங்க, சும்மாவே பாத்துக்கறேன்" என்பார். அண்ணன் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்வார்.

கடையின் முறை என்னவென்றால், சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஒவ்வொரு ஆணியிலும் ஒரே நம்பர் போட்ட இரண்டு பித்தளை டோக்கன் தொங்கும். ஒன்றைச் சணல் கயிற்றோடு செருப்பில் மாட்டி அடுக்கில் வைப்போம். மற்றதை ஆளிடம் கொடுப்போம். திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால் செருப்பு. பார்க்க ஒன்றுமில்லாத வேலைதான். ஆனால் ஒரு ஜோடி மாறிப்போனால் தெரியும் பாடு.

ராஜா வருவதற்கு முந்தின மாதம் அப்படி ஒரு ஜோடி மாறிப்போனது. சிவகங்கைக் குளத்தில் காலை நனைத்துவிட்டு வந்த ஒருத்தன், டோக்கன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னான். வீட்டுக்காரருக்கு மனசு இளகிவிட்டது. அவன் விரல் நீட்டிக் காட்டிய புதுச் செருப்பை எடுத்துக் கொடுத்தார். அவன் தலை மறைந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு புது மாப்பிள்ளை, பெண்டாட்டியைக் கையில் பிடித்தபடி, அதே நம்பர் டோக்கனோடு வந்து நின்றார். மாமனார் வாங்கிக் கொடுத்த செருப்பாம். சூடான ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே போனார். போகிற வழியில் குத்தகைக்காரர் வீட்டிலும் ஏறிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் குத்தகைக்காரர் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"இதா பாருப்பா. உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இன்னொரு தரம் என் வாசப்படிக்கு ஒரு புகார் வந்துச்சின்னா வேற ஆளப் போட்டுடுவேன். ஆளு காத்துக்கினு இருக்கான்."

எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அன்றைக்கு அர்த்தஜாமப் பூஜைக்கு வீட்டுக்காரர் உள்ளே போனார். திரும்பி வந்து, "சபாநாயகர் சன்னதியில சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே டோக்கன் இல்லாம சாமியே வந்து கேட்டாலும் செருப்பு கிடையாது" என்றார்.

"சாமி எதுக்கு மாமா செருப்பு கேக்கப் போறாரு?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ராஜா வரப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியது. பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருகிறாராம். அப்படியே கோயிலுக்கும் வருவாராம். எங்கள் தெருவில் அந்தப் பேச்சுதான். ராஜா நம் சாதத்தைச் சாப்பிடுவாரா, ராஜா வீட்டில் சண்டை போடுவார்களா, ராஜாவுக்கு யார் முடி வெட்டுவார்கள் என்று கேட்காத கேள்வி இல்லை. கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்கிற அக்காவுக்கு ஒரே சந்தேகம்: "ராஜாவ ஆராச்சும் தொட்டா இன்னா பண்ணுவாங்க? புடிச்சிக்கினு பூடுவாங்களா?"

"நீ ஏன்க்கா தொடப் போற?"

"தொட்டாதான? கேட்டு வச்சிக்கறேன்."

எனக்கும் ஆசைதான். ராஜாவைப் பார்ப்பது புண்ணியம், பெருமாளைப் பார்த்த மாதிரி என்று என் தகப்பனார் சொல்லுவார். அவர் காலத்தில் எந்த ராஜா ஸ்ரீமுஷ்ணத்துக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. சொல்லுவார், அவ்வளவுதான்.

வருகைக்கு முந்தின நாள் குத்தகைக்காரர் மறுபடி வந்தார். சன்னதித் தெருவில் எல்லாக் கடையும் சாத்த வேண்டும் என்று போலீஸ் உத்தரவு. "உன்னுது மட்டும் தெறந்திருக்கணும். ராஜாவானாலும் ஷூவ கழட்டித்தான ஆவணும்? ஜாக்கிரதை. நான் மேலதிகாரிங்களோட நிப்பேன். மானத்த வாங்கிடாத."

வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரி சாதத்தில் கை வைத்தவர் பிசையவே இல்லை. "ராஜாவுக்கும் டோக்கன் குடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. யாரைப் போய்க் கேட்பது?

விடிந்ததும் அண்ணன் திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வந்து பார்த்தால் காபி கிளப் சாத்தியிருக்கிறது. தெரு ஓரமெல்லாம் கம்பு கட்டி, ஜனங்களை அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். ராஜாவைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒரே இடம்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கம்புக்கு அந்தப் பக்கம் நின்றார். எட்டி எட்டிப் பார்த்தார். அப்புறம் குனிந்து உள்ளே வந்தார்.

"கடையில வேல செய்யற ஆளுங்களத் தவர ஆரும் நிக்கக் கூடாது" என்றான் அங்கே நின்ற போலீஸ்காரன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு கயிற்றுக் கட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து, "நம்ம ஆளுதாங்க, கயிறு கட்டறவரு" என்றார்.

பூக்கார அக்கா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "திட்டக்குடி மிராசுதாருக்கு நல்ல உத்தியோகம் கெடச்சிது!"

"சும்மா இரு அக்கா" என்றார் அண்ணன். ஆனால் கயிற்றைக் கீழே போடவில்லை. அவளும் எங்களோடுதான் நின்றாள்; பூ கொடுக்கிறவள் என்று அவளை விட்டிருந்தார்கள்.

வெயில் ஏறின பிறகு வண்டிகள் வந்தன. சத்தம், சலாம், விலகு விலகு என்று ஒரு தள்ளு. நான் பலகையில் உட்கார்ந்தபடி கண்ணை நேரே வைத்திருந்தேன். பளபளவென்று கறுப்பு ஷூக்களாக வந்து நின்றன. போலீஸ் பூட்ஸும் அதிகாரிகள் செருப்பும் வந்தன. நடுவில் காவிக் கல் நிறத்தில் கயிறு கட்டிய ஒரு ஷூ. புதுசு இல்லை. நன்றாகத் துடைத்து வைத்திருந்தாலும் நடந்து நடந்து மடிந்த கோடு தெரிந்தது. அந்த ஷூ நின்றதும் மற்ற எல்லாக் காலும் இரண்டு அடி பின்னால் போயின. இதுதான் ராஜா கால் என்று தெரிந்துகொண்டேன்.

யாரோ ஒருவர் குனிந்து கயிற்றை அவிழ்க்க வந்தார். ராஜா வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டிவிட்டு, தானே குனிந்து அவிழ்த்தார். ஷூவுக்குள்ளே சாக்ஸ். அதையும் கழற்றி, சுருட்டி, ஷூவுக்குள்ளேயே திணித்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செய்கிற மாதிரியே. வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கால் ஆணி. பழுத்து, மஞ்சளாக, பார்த்தாலே வலிக்கும் போலிருந்தது.

வீட்டுக்காரர் ஷூவை இரண்டு கையாலும் வாங்கினார். ஆணியிலிருந்து ஒரு ஜோடி டோக்கனை எடுத்தார். முப்பத்தாறாம் நம்பர். ஒன்றை ஷூ கயிற்றில் மாட்டினார். மற்றதை நீட்டினார்.

கூட வந்த அதிகாரி அந்த நேரத்தில் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "யோவ், அவருக்கெதுக்குய்யா அதெல்லாம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்காரர் நீட்டின கையை மடக்கவில்லை. "எல்லாருக்கும் குடுக்கறதுதாங்க."

ராஜா ஏதோ கேட்டார். அந்த அதிகாரி வேறு வழியில்லாமல் அவர் பாஷையில் விளக்கினார். ராஜா டோக்கனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பரை விரலால் தடவினார். அப்புறம் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லாரும் கோபுரத்துக்குள் போனார்கள். எனக்குத் தெரிந்தது ராஜாவின் குதிகால் மட்டும்தான்.

கால்கள் மறைந்ததும் எங்கள் கடையில் கூட்டம் கூடிவிட்டது. கம்பு கட்டின போலீஸ்காரர்களே இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஷூவை அடுக்கின் மேல் தட்டில் வைத்தார். அது ஊதுபத்தியும் சாமி படமும் வைக்கிற தட்டு. படத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு வைத்தார்.

அண்ணன் ஷூவைக் கூர்ந்து பார்த்தார். "அடிப்பக்கம் மாத்தித் தச்சிருக்கு மச்சான். ராஜாவுக்குக்கூடவா வேற ஷூ இல்ல?"

"உள்ள பஞ்சு வச்சிருக்காரு பாருங்க, வலதுல. கால் ஆணிக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"நம்ம ஊரு மாதிரி எருக்கம்பால் வைக்கலாம்ல? அவுங்க ஊர்ல எருக்கு கெடையாதோ?"

"போய்ச் சொல்லிட்டு வாங்க மச்சான்."

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பூக்கார அக்கா கூடையிலிருந்து இரண்டு சம்பங்கிப் பூவை எடுத்தாள். நான் என்னவென்று கேட்பதற்குள் ஷூவுக்கு ஒன்றாக உள்ளே வைத்துவிட்டாள். தன் மடியிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, இரண்டு ஷூ முனையிலும் பொட்டு வைத்தாள்.

"ஐயோ அக்கா! இன்னா காரியம் பண்ண!" என்று கையைப் பிடித்தேன். பொட்டு விழுந்துவிட்டது.

"இன்னா பண்ணிட்டேன்? கோவிந்தராஜ பெருமாள் சன்னதியில தலையில சடாரி வாங்கறியே, அது ஆரு பாதம்?"

"பெருமாள் பாதம்."

"நம்ம ஊரு சாமி எதத் தூக்கிக் காட்டினு நிக்கறாரு?"

"கால."

"அப்பறம் இன்னாடி? ராஜா பாதம் ஊட்டுக்கு வந்தா பொட்டு வைக்காம வுடுவாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனித்தாள். "தம்பி, ஒரு தபா தூக்கி என் தலையில வையேன்."

"செருப்பத் தலையில வைக்கச் சொல்றியே அக்கா" என்றார் வீட்டுக்காரர், முகம் வெளுத்து. அவர் கண் பொட்டின் மேலேயே இருந்தது. காவி நிறத் தோலில் சிவப்பு. துணியை நனைத்துத் துடைத்தால் பரவும். துடைக்காவிட்டால் அப்படியே நிற்கும். எது செய்தாலும் புகார்தான்.

சடாரிப் பேச்சு கம்புக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது. "எங்களுக்கும் ஒரு தரம் காட்டுங்கம்மா" என்று பெண்கள் கை நீட்டினார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் ஷூவுக்கு முன்னால் கையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். "ஆரும் கிட்ட வராதீங்க, உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன்." அண்ணனும் தன் பங்குக்குத் துண்டைக் கையில் எடுத்துக் கூட்டத்தை விலக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் மேற்கே இருந்து ஒரு போலீஸ்காரன் சைக்கிளில் பறந்து வந்தான். மூச்சு வாங்கியது.

"ராஜாவ மேலக் கோபுரம் வழியா வெளிய கூட்டினு போறாங்க. இந்தப் பக்கம் கும்பல் ஜாஸ்தி ஆயிட்டுது. ஷூவக் குடு, சீக்கிரம்!"

வீட்டுக்காரர் அவன் கையைப் பார்த்தார். "டோக்கன்?"

"இன்னாது?"

"டோக்கன் குடுங்க. முப்பத்தாறு."

"யோவ், ராஜா ஷூவ ராஜாவுக்குத்தான்யா கொண்டு போறேன்!"

"உங்களுக்குக் கோவம் வரும், தெரியும். ஆனா டோக்கன் இல்லாம ஒருத்தன்கிட்டக் குடுத்துத்தான் போன மாசம் என் பொழப்பே போற மாதிரி ஆச்சு. இந்த ஷூவுக்கு ஒண்ணு ஆனா நாளைக்கு ஆரு பதில் சொல்றது, நீங்களா?"

போலீஸ்காரன் என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "இவுருக்கு இன்னா, மண்ட கிண்ட சரியில்லையா?"

"சரியாத்தான் பேசறாரு" என்றார் அண்ணன். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணன் என் வீட்டுக்காரருக்குச் சாதகமாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "அவுரு கடை, அவுரு முறை."

"அங்க அவுரு வெறுங்காலோட கல்லு மேல நிக்கறாரு!"

இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கால் ஆணி கண்ணுக்கு முன்னால் வந்தது. பங்குனி வெயிலில் அந்தக் கருங்கல் எப்படிச் சுடும் என்று எங்களுக்குத் தெரியாதா? கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் திரும்பி வரும்போது கூத்தாடிக்கொண்டு வருவார்கள்.

"மாமா, நான் கொண்டு போறேன். டோக்கன வாங்கினுதான் குடுப்பேன்" என்றேன்.

அவருக்கு நகர வழியில்லை. மற்ற அதிகாரிகளின் ஷூ எல்லாம் கடையில் இருந்தது. ஷூவை எடுத்து என் கையில் கொடுத்தார். அக்கா தன் பூத்தட்டைக் காலி செய்து, "வெறுங்கையில தூக்கினு போவாதடி" என்று நீட்டினாள். தட்டில் ஷூ, ஷூவில் பூ, முனையில் பொட்டு. எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் கிளம்பினேன். நடக்கிற வேகத்தில் கை வரவில்லை.

கோயிலுக்குள் செருப்போடு போக முடியாதே. கீழ வீதி வந்து, வடக்கு வீதி சுற்றி, மேல வீதிக்குப் போக வேண்டும். சைக்கிள்காரன் முன்னால் விசில் ஊதிக்கொண்டு போனான். நான் தட்டை இரண்டு கையிலும் மார்போடு பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தெரு ஓரத்தில் நின்ற ஜனங்களுக்கு என்ன தெரியும்? பூவோடு தட்டு போகிறது என்றதும் ஏதோ பிரசாதம் என்று சில பேர் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் ஓடி வந்து தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நின்று பார்க்க எனக்கு நேரமில்லை.

எனக்குள்ளே ஒன்றுதான் ஓடியது. நடராஜா, இந்தக் கடையை எங்களுக்கு வைத்துக் கொடு.

மேலச் சன்னதியில் கோபுர நிழல் ஒரு கோடு மாதிரி விழுந்திருந்தது. ராஜா அந்தக் கோட்டுக்குள் நின்றிருந்தார். யாருடைய துண்டையோ மடித்துக் காலுக்கு அடியில் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே அந்த அதிகாரி. கொஞ்சம் தள்ளி எங்கள் குத்தகைக்காரர், கையில் மாலையோடு. அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். மாலை பிடித்த கை கீழே இறங்கியது.

"யாருடி இத பண்ணது?" என்று அதிகாரி குரலை அடக்கிக் கேட்டார்.

ராஜா கேள்வி கேட்கிற மாதிரி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேசுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "பெருமாள் பாதத்துல பூ வைப்போங்க. பொட்டு வைப்போம். ராஜா பாதம்னு ஆசையா வச்சிட்டாங்க. திட்டாதீங்கன்னு சொல்லுங்க."

அதிகாரி கொஞ்சம் பேசினார். நான் சொன்னதை அப்படியே சொன்னாரா, குறைத்துச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ராஜா குனிந்து ஷூவுக்குள் இருந்த இரண்டு பூவையும் எடுத்தார். எடுத்த பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் சாமி பூவைக் கையில் வாங்கின வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். கடைசியில் பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷூவுக்குக் கையை நீட்டினார்.

நான் தட்டைக் கொடுக்கவில்லை. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! "டோக்கன்" என்றேன்.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். ராஜாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். அதன் பையைத் துழாவினார். இல்லை. மற்றப் பை. அதிலும் இல்லை. இல்லையென்றால் என்ன செய்வேன்? திருப்பி எடுத்துக்கொண்டு போவேனா? உள்பையில் விரலை விட்டு எடுத்தார். முப்பத்தாறு. அதை என் கையில் வைத்துவிட்டு, அவர் கையையும் கொஞ்ச நேரம் அதன் மேல் வைத்திருந்தார். அக்கா கேட்ட கேள்வி அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. ராஜாவை நான் தொடவில்லை, அவர்தான் தொட்டார்.

ஷூ கயிற்றில் தொங்கிய ஜோடி டோக்கனைக் கழற்றிக்கொண்டு தட்டை நீட்டினேன். ஒற்றை முட்டியை மடித்து அவர் தானே ஷூவைப் போட்டுக்கொண்டார். பஞ்சைச் சரி செய்தார். பொட்டைத் துடைக்கவில்லை. அப்படியே வண்டி ஏறினார்.

அப்போதாவது தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. வண்டிக் கதவு சாத்துகிற வரைக்கும் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிகள் போனதும் குத்தகைக்காரர் என்னிடம் வந்தார். தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ராஜாகிட்டயே டோக்கன் வாங்கிட்டுத்தான் குடுப்பியா?"

"ஆமாங்க."

"உன் ஊட்டுக்காரன் சொன்னானா?"

"சாமி சன்னதியில சொல்லிட்டாருங்க. டோக்கன் இல்லாம ஆருக்கும் கிடையாதுன்னு."

அவர் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். கலவரத்தில் ராஜாவுக்குப் போட மறந்துபோயிருந்தார். "எனக்கே கிடையாதா?" என்றார்.

"டோக்கன் இருந்தா கெடைக்குங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் வலி தெரிந்தது. நானும் வெறுங்காலோடுதான் மூன்று வீதியும் ஓடி வந்திருந்தேன். அவர் மாலையை என் தட்டில் வைத்தார். "உங்க கடை சாமிக்குப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆளைப் போடுகிற பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகனும் எங்களையே வைத்துக்கொண்டார்.

நான் கடைக்குத் திரும்பியபோது அதிகாரிகளின் ஷூ பாதி போயிருந்தது. அண்ணன் பலகையில் உட்கார்ந்து டோக்கனை வாங்கி நம்பர் பார்த்து, "இருபத்தி ரெண்டு மச்சான்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவினார். அதில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் காபியைக் கடைக்கே வரவழைத்துக் குடித்தார்.

நான் டோக்கனை வீட்டுக்காரரிடம் கொடுத்து, இதைச் சாமி மாடத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சட்டைத் துணியில் துடைத்து, ஜோடியோடு சேர்த்து ஆணியில் மாட்டினார்.

"மாடத்துல வச்சா முப்பத்தாறுக்கு வர்றவங்க கையில எதக் குடுக்கறது?" என்றார்.

கொஞ்ச நாள் அந்த நம்பருக்குச் சண்டையே நடந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் "ராஜா டோக்கன் குடுங்க" என்று நிற்பார்கள். வீட்டுக்காரர் வரிசைப்படிதான் கொடுப்பார். வரிசையில் யாருக்கு வருகிறதோ அவர்களுக்கு. பிச்சை எடுக்கிற ஒரு பெரியவருக்கு வந்தது ஒரு நாள். அவர் ரப்பர் செருப்பில் அதன் ஜோடியை மாட்டினோம்.

இப்போது வீட்டுக்காரருக்கு முட்டி மடங்குவதில்லை. மகன்தான் கடையைப் பார்க்கிறான். நம்பரெல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. பித்தளையில் மிஞ்சியது கொஞ்சம்தான், அதில் முப்பத்தாறும் உண்டு. பூக்கார அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலத்தில் நான் போய்க் கொஞ்ச நேரம் பலகையில் உட்காருவேன். அந்த டோக்கன் கைக்கு வரும்போது மட்டும் செருப்பை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் கழுத்தைத் தூக்கி, வந்தவர் யாரென்று முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.